பத்திரம், வில்லங்கம், காத்தா: மைசூரில் ஒரு வீடு கைமாறும் வரலாறு

மைசூர் நகரின் கிழக்கே, சாமுண்டி மலையடிவாரத்தில் சித்தார்த்த நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. அங்கு வீடு கட்டி வாழ்ந்தோரிடம் பதிவு செய்யப்பட்ட பத்திரம் இருந்தது; ஆண்டுதோறும் வரி செலுத்திய ரசீதும் இருந்தது. ஆயினும் அந்நிலத்தை உள்ளடக்கிய குருபரஹள்ளி சர்வே எண் 4 'பி கராபு' என்று மாவட்ட நிர்வாகத்தால் வகைப்படுத்தப்பட்டபோது, வீட்டை விற்கவோ, காத்தாவை மாற்றவோ, கட்டட அனுமதி பெறவோ இயலாமல் அவர்கள் பல ஆண்டுகள் அலைந்தனர். ஆவணங்கள் அனைத்தும் முறையாக இருந்தும் உரிமை எவ்வாறு ஐயத்திற்கு உள்ளானது? வீடு வாங்குவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடையும் இக்கேள்வியின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

நில விற்பனையை எழுத்தில் பதிவு செய்யும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைப்பற்றிய தலைக்காடு இன்றைய மைசூர் மாவட்டத்தில் உள்ளது. அங்கும் சுற்றுப்புறங்களிலும் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளில் பதிப்பித்தார். சோழர் காலத்து விலையாவணங்களில் நான்கெல்லையும் கூறப்படும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட விற்றதாகச் சொல்லப்படும். விற்றவரும் சாட்சிகளும் ஒப்பமிடுவர். ஊரறிய நடந்த விற்பனையின் சான்றாக அவ்வாவணம் விளங்கியது. இன்றைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் நான்கெல்லையும், கன்னடப் பத்திரங்களில் 'நிதி, நிக்ஷேப, ஜல, பாஷாண' என்று தொடரும் உரிமைப் பட்டியலும் இம்மரபின் தொடர்ச்சியே.

ஆங்கிலேயர் காலத்தில் ஊரறிவின் இடத்தைப் பதிவேடு பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1864இல் தொடங்கிப் பலமுறை திருத்தி எழுதப்பட்ட பதிவுச் சட்டம், 1908இல் இன்றைய வடிவைப் பெற்றது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியாகவே விற்க வேண்டும் என்கிறது. முன்பணம் கொடுத்து எழுதும் கிரய உடன்படிக்கை அச்சொத்தில் எவ்வித உரிமையையும் தானாக உண்டாக்காது என்பதும் அதே சட்டத்தின் 54ஆம் பிரிவில் உள்ளது.

சார்பதிவாளர், ஆவணத்தை எழுதிக் கொடுத்தவர் அதனை ஒப்புக்கொள்கிறாரா என்பதையும் முத்திரைத் தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டதா என்பதையும் பார்ப்பார். விற்பவருக்கு அச்சொத்து உண்மையில் உரியதா என்று தீர்ப்பளிப்பது அவருடைய பணியன்று. ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொணர்ந்த முறையில் அரசுப் பதிவேடே உரிமைக்கு உறுதியளிக்கும். இந்தியா அம்முறையை ஏற்கவில்லை. இங்கே பதிவு செய்யப்படுவது பரிவர்த்தனை. உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குபவருடையது.

தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் முப்பது ஆண்டுகளுக்குக் கேட்கப்படுவது இதனால்தான். பிறர் நிலத்தைத் தனதாக அனுபவிப்பவர் மீது உரிமையாளர் வழக்குத் தொடுக்க 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டுகளை அளிக்கிறது. அரசுக்கு அக்கால எல்லை 30 ஆண்டுகள். சாட்சியச் சட்டமும் 30 ஆண்டு பழைய ஆவணத்திற்கு ஒரு நம்பகத்தன்மையை வழங்கி வந்துள்ளது. எனினும் வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்தவரின் வாரிசுகளுக்குத் தானாகச் சேர்ந்த பங்கு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் இடம்பெறாமல் போகக்கூடும்.

காத்தாவின் வரலாறு வேறு. அச்சொல்லுக்குக் கணக்கு என்பது பொருள். ஒரு வீட்டின் வரியை யாரிடம் பெறுவது என்று உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்கும் கணக்கே அது. தமிழ்நாட்டில் பட்டாவைப் போலவே, கர்நாடகத்தில் காத்தாவும் தனித்து நின்று உரிமையை நிறுவாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளன. ஆயினும் காத்தா இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. வரி வாங்கப் பிறந்த ஏடு, நடைமுறையில் உரிமைச் சான்றின் தகுதியைப் பெற்றுவிட்டது.

மைசூரின் புதிய குடியிருப்புகள் மற்றொரு சிக்கலையும் கொணர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், 1903இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. நெரிசலான பழைய மொஹல்லாக்களுக்கு வெளியே அகன்ற தெருக்களுடன் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அப்பணி அடுத்த ஆண்டில் மைசூர் நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் கைக்கு வந்தது. இத்தகைய அமைப்புகள் மனையை முதலில் குத்தகையும் கிரயமும் சேர்ந்த உடன்படிக்கையில் வழங்கி, குறித்த காலத்திற்குப் பின்னரே முழுக் கிரயப் பத்திரம் அளிப்பது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் மனையை விற்க இயலாது. பொது அதிகாரப் பத்திரம், உடன்படிக்கை, உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதிக் கைமாற்றும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியதற்கு இத்தகைய தடைகளும் ஒரு காரணம். இம்முறையால் சொத்துரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இனிச் சித்தார்த்த நகருக்குத் திரும்பலாம். 1863இல் மைசூர் அரசில் பம்பாய் முறையைத் தழுவிய நில அளவை தொடங்கியது. அதன் நோக்கம் நிலவரி. பயிருக்கு உதவாத நிலம் 'கராபு', அதாவது கெட்டது, என்று வரியிலிருந்து ஒதுக்கப்பட்டது. பின்னர் 1966ஆம் ஆண்டின் கர்நாடக நிலவருவாய் விதிகள் இதனை இரண்டாகப் பிரித்தன: சாகுபடிக்கு உதவாதது 'ஏ', சாலை, நீர்நிலை, இடுகாடு போன்ற பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்டது 'பி'. குருபரஹள்ளி நிலமோ 1950இல் மகாராஜாவுக்கும் இந்திய அரசுக்கும் இடையே முடிவான தனிச்சொத்துப் பட்டியலில் அடங்கியது என்பது அரச குடும்பத்தின் வாதம். அரசுக்கும் அரச குடும்பத்திற்கும் இடையிலான இப்பூசலில், இரு தரப்பிலும் சேராத குடியிருப்போர் சிக்கிக்கொண்டனர். வரி விதிக்க இயலாது என்று பொருள்பட்ட ஒரு சொல், விற்க இயலாது என்னும் பொருளைப் பெற்றது.

நீண்ட முறையீடுகளுக்குப் பின் குடியிருப்பு மனைகளை அவ்வகைப்பாட்டிலிருந்து விடுவிக்க மாநில அரசு முடிவெடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மகளின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவுக்கோ வீட்டை நம்பியிருந்த குடும்பத்திற்கு, கையிலிருந்த பத்திரம் உதவவில்லை.

பதிவேடு பரிவர்த்தனைக்காகவும், காத்தா வீட்டுவரிக்காகவும், சர்வே நிலவரிக்காகவும் தோன்றியவை. மூன்றும் வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு காலங்களில், ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன. 'இதன் உரிமையாளர் இவர்' என்று உறுதியளிக்கும் ஏடு அவற்றுள் ஒன்றுமில்லை. ஆகவே மைசூரில் வீடு வாங்குபவர் முப்பது ஆண்டுத் தாய்ப்பத்திரத் தொடரையும் வில்லங்கத்தையும் காத்தாவையும் பார்ப்பதோடு, மனை எந்தச் சர்வே எண்ணிலிருந்து பிரிந்தது, அந்நிலத்தின் வகைப்பாடு என்ன, அதனைக் கையகப்படுத்தியது யார் என்பவற்றையும் கேட்க வேண்டியுள்ளது. மூன்று துறைகளின் ஏடுகளும் ஒன்றாக இணைந்து உரிமைக்குப் பொறுப்பேற்கும் வரை, அவற்றை ஒப்புநோக்கும் வேலை வாங்குபவரின் தோளிலேயே இருக்கும்.