பீட்டர்ஸ்பர்க் பள்ளம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 ஜூலை 30 வைகறையில், வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரருகே தென்படையின் அரண் ஒன்று மண்ணோடு வானில் எழுந்தது. வடபடையில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 511 அடி குடைந்து சென்று, அதனடியில் 8,000 பவுண்டு வெடிமருந்தை வைத்திருந்தனர். திரி நடுவே அணைந்துவிடவே, இருவர் துணிந்து உட்சென்று மீண்டும் பற்றவைத்தனர்.

இவ்வளவு உழைப்பையும் வீணாக்கியது முந்திய நாள் ஆணையே. முன்னணியில் செல்லப் பயின்றிருந்த கறுப்பினப் படைப்பிரிவைத் தளபதி மீட் விலக்கினார். தோற்றால் அவர்களைப் பலியிட்டதாகப் பழி எழுமென அஞ்சினார். திருவுளச் சீட்டில் தேர்ந்த வேறொரு பிரிவு, பயிற்சியின்றிப் பள்ளத்திலேயே இறங்கித் திகைத்து நின்றது. அதன் தலைவர் லெட்லியோ பின்னே பதுங்கிடத்தில் மது அருந்திக்கொண்டிருந்தார்! பின்னர்க் கறுப்பினத்தாரும் அங்கேயே ஏவப்பட்டனர். சரணடைந்த அவர்களுள் பலரைத் தென்படையினர் கொன்றனர். வடபடைக்குச் சேதம் ஏறத்தாழ 3,800 பேர். நகரம் வீழ்ந்தது 1865 ஏப்ரலில்.