வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒரு மசோதா

மாநிலங்களவையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் தனி உறுப்பினர்களுக்கு உரியது. வழக்கமாக இரண்டரை மணி நேரம் அது ஓடும். அமைச்சராக இல்லாத எவரும், ஆளுங்கட்சிக்காரரே ஆனாலும், அவையின் கணக்கில் தனி உறுப்பினர்தான். ஒரு வெள்ளியன்று அவர்களுடைய மசோதாக்கள், மறு வெள்ளியன்று அவர்களுடைய தீர்மானங்கள் என்று மாறி மாறி வரும். எவருடைய மசோதா முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். வாரக் கடைசி ஆகிவிடுவதால் பலர் அதற்குள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். இருப்பவர்கள் பேசுவார்கள், அமைச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டி, அரசு இதைக் கவனிக்கும் என்று உறுதி சொல்லி, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்வார். உறுப்பினரும் நன்றி கூறித் திரும்பப் பெற்றுக்கொள்வார். பல்லாண்டு வழக்கம் இது. 1952 முதல் இன்று வரை இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே; அவற்றில் கடைசியானது 1970இல் சட்டமாயிற்று.

இந்த வழக்கத்தை மீறிய ஒரு பிற்பகல் 24 ஏப்ரல் 2015. மேலவை எதற்கு என்ற பழைய கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் அந்த நாளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அவையின் 235ஆவது கூட்டத்தொடர் தொடங்கி அன்று இரண்டாம் நாள். அந்தத் தொடர் புதிதாகக் கூட்டப்பட்டதற்கே ஒரு காரணம் உண்டு. நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டத்தை மறுபடி பிறப்பிக்க வேண்டியிருந்தது. இரு அவைகளும் தொடரில் இருக்கும்போது அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. எனவே மாநிலங்களவையின் முந்தைய தொடரை மார்ச் இறுதியில் முடித்துவைத்தார்கள். மக்களவையில் அறுதிப் பெரும்பான்மையுடன் இருந்த அரசுக்கு மேலவையில் அந்த பலம் இல்லை. பிற்பகலில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு முக்கியம்.

அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது திமுக உறுப்பினர் திருச்சி சிவா 12 டிசம்பர் 2014 அன்று அறிமுகம் செய்திருந்த திருநர் உரிமைகள் மசோதா. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 15 ஏப்ரல் 2014 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் தீர்ப்பளித்திருந்தார்கள். தன் பாலினம் எது என்று தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு, திருநரைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. மத்திய அரசின் நிபுணர் குழு தந்திருந்த பரிந்துரைகளைத் தீர்ப்பின் வழியில் ஆராய்ந்து ஆறு மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தவும் உத்தரவிட்டது. ஆறு மாதம் கடந்தும் சட்டம் வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களிலும் சேராமல் தம்மைப் பதிந்துகொண்டவர்கள் சுமார் 4.88 லட்சம் பேர். அஞ்சி மறைந்திருப்போரையும் சேர்த்தால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சிவாவின் மசோதா ஏதோ கவன ஈர்ப்புக்காக எழுதிய நாலு பக்கத் தாள் இல்லை. 10 அத்தியாயங்கள், 58 பிரிவுகள். கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு, தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், வழக்குகளை விரைந்து விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள், வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை என்று முழுச் சட்டத்துக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. இந்த மசோதா தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. 2008இலேயே அரவாணிகள் நலவாரியம் அமைத்த மாநிலம் இது. கூவாகம் திருவிழாவின் ஊடாக மட்டும் திருநங்கைகளைப் பார்த்துவந்த பொதுச் சமூகம், குடும்ப அட்டையும் வீட்டுமனையும் கேட்கும் குடிமக்களாக அவர்களைப் பார்க்கத் தொடங்கியது இங்கே அந்த ஆண்டுகளில்தான்.

விவாதத்துக்குப் பதில் சொன்ன சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட் வழக்கமான பாதையில்தான் நடந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்றார். சிவா மறுத்தார், வாக்குப் பிரிவினை கோரினார். பிரிவினை என்றால் ஒவ்வொருவர் வாக்கும் எண்ணப்படும். எவர் எந்தப் பக்கம் என்பது ஏட்டில் ஏறும். எண்ணிக்கையில் அரசு தோற்கக்கூடும். தோற்பதைவிடக் கசப்பானது, சமூகத்தின் கடைக்கோடியில் நிற்பவர்களுக்கு எதிராக வாக்களித்தவர்கள் என்ற பெயர். அவைத் தலைமை இருக்கையில் துணைத் தலைவர் பி.ஜே.குரியன். இத்தகைய பொருளில் அவை பிளவுபட்டுத் தோன்றக் கூடாது என்று அவை முன்னவர் அருண் ஜேட்லி எழுந்து கருத்துச் சொன்னபின் நிலைமை மாறியது. மசோதா குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது.

ஜேட்லியின் அந்தக் குறுக்கீட்டை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தோல்வியைத் தவிர்க்கும் எண்ணமும் நாகரிக உணர்வும் ஒரே முடிவில் சேர்ந்து நிற்க முடியும். ஆனால் அந்த முடிவுக்கு அரசைக் கொண்டுவந்தது சிவாவின் மறுப்பு. அன்று அவர் நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் அந்த வெள்ளியும் மற்ற வெள்ளிகளோடு போயிருக்கும்.

அரசியல் நிர்ணய சபையில் 1947 ஜூலையில் இரண்டாம் அவைக்காக வாதாடியவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என்.கோபாலசுவாமி ஐயங்கார். முக்கியப் பிரச்சினைகளைக் கண்ணியமாக விவாதிக்கவும், கணநேர உணர்ச்சியில் பிறக்கும் சட்டங்களை அந்த உணர்ச்சி தணியும்வரை தாமதப்படுத்தவும் ஓர் அவை தேவை என்பது அவருடைய வாதம். மேலவையை ஒரு தடைக்கட்டையாகவே அவர் கண்டார், அதில் தவறில்லை. 24 ஏப்ரல் 2015இலோ தடைக்கட்டை வண்டியை இழுத்தது. மக்களவை தொடாத, அரசு தள்ளிப்போட்ட ஒரு கடமையை மேலவை தன் கையில் எடுத்தது. அரசியலமைப்பு இதற்கு இடம் தந்தே இருக்கிறது: பண மசோதாக்களும் வேறு சில நிதி மசோதாக்களும் நீங்கலாக எந்தச் சட்டமும் மாநிலங்களவையில் பிறக்கலாம். கொடுத்த இடத்தை அவை அரிதாகவே பயன்படுத்துகிறது.

அடுத்த கட்டத்தில் மசோதா மக்களவைக்குப் போக வேண்டும். அங்கே அதை முன்னெடுக்க ஓர் உறுப்பினர் வேண்டும். 2014 தேர்தலில் திமுகவுக்கு மக்களவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஒடிசாவின் பிஜு ஜனதா தள உறுப்பினர் பைஜயந்த் பாண்டா அந்தப் பொறுப்பை ஏற்றார். இதற்கிடையில் 2016இல் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் இடஒதுக்கீடு இல்லை. ஒருவர் தன் பாலினத்தைத் தானே அறிவிப்பதற்குப் பதிலாகக் குழுவின் பரிசோதனை இருந்தது. திருநர் பலரின் பிழைப்பாக இருந்த யாசகம் தொடர்பான பிரிவு அவர்களுக்கே எதிராகத் திரும்பும் என்ற அச்சமும் எழுந்தது. நாடெங்கும் திருநர் அமைப்புகள் தெருவில் இறங்கின. திருத்தங்களோடு 17 டிசம்பர் 2018 அன்று மக்களவையில் நிறைவேறிய அந்த மசோதா, மேலவையைத் தாண்டுமுன் மக்களவை கலைந்ததால் காலாவதியானது. மேலவை நிறைவேற்றி மக்களவையில் கிடந்த சிவாவின் மசோதாவுக்கும் அதே கதி. மாநிலங்களவையிலேயே தொடங்கி இன்னும் மக்களவைக்குப் போகாத மசோதா கலைப்பால் சாகாது. நிறைவேறி அந்தப் பக்கம் போய்விட்டால் சாகும். அரசியலமைப்பின் 107ஆவது பிரிவின் இந்த விதியால், அவை ஒருமனதாகச் சொன்ன சொல் சட்டப் புத்தகத்தை எட்டாமலே போயிற்று.

மீண்டும் அறிமுகமான அரசு மசோதாவை மேலவை முடிவுக்கு எடுத்த நாள் 26 நவம்பர் 2019. அரசியலமைப்பு ஏற்கப்பட்டதன் 70ஆம் ஆண்டையொட்டி மைய மண்டபத்தில் இரு அவைகளும் கூடியிருந்த அதே நாள். யாசகப் பிரிவும் பரிசோதனைக் குழுவும் நீக்கப்பட்டிருந்தன. மாவட்ட ஆட்சியரின் சான்றிதழ் நிபந்தனை நின்றது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கும் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுதான். மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவா தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 55, எதிர்ப்பு 74. தீர்மானம் விழுந்தது, மசோதா நிறைவேறியது. சட்டம் 10 ஜனவரி 2020 முதல் நடைமுறைக்கு வந்தது.

என் வருத்தம் அந்த 74ஐப் பற்றியது. 2015இல் அவை தன் பிறவிக் கடமைக்கு மேலாக ஒன்றைச் செய்தது. 2019இல் கோபாலசுவாமி ஐயங்கார் எதற்காக அவையைக் கேட்டாரோ அந்த வேலையையே, நின்று ஆராய்வதையே, செய்ய மறுத்தது. தேர்வுக் குழுவுக்குப் போயிருந்தால் சில மாதங்கள் தாமதமாகியிருக்கும். அந்த மாதங்களில் திருநர் தம் வாயாலேயே உறுப்பினர்கள் முன் பேசியிருப்பார்கள். தண்டனைப் பிரிவும் சான்றிதழ் பிரிவும் நிச்சயம் கேள்விக்கு உள்ளாகியிருக்கும்.

சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 2021இல் கர்நாடகம் தன் அரசுப் பணிகளில் திருநருக்கு 1 சதவீதம் ஒதுக்கி, அவ்வாறு செய்த முதல் மாநிலமாயிற்று. மாநிலங்களவை 2015இல் குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது அதைப்போல் இரு மடங்கு.