தீயை வெட்டச் சொன்னவர்கள்

2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் எங்கள் சேரிக்கும் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெமினியின் 'நந்தனார்' படத்தை ஆயாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 1942இல் வந்த படம். தண்டபாணி தேசிகர் பாடப்பாட ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நந்தன் சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுந்துவிட்டாள். அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். "சாமி பாக்கணும்னா நாம மட்டும் இன்னாத்துக்குடா நெருப்புல எறங்கணும்? அந்த ஐயிரு எறங்குனாரா?" என்றாள்.

எம்.ஏ. தமிழில் பெரியபுராணத்தைப் பாடமாகப் படித்தவன் நான். வகுப்பில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் கேட்டாள்.

நந்தன் கதை கை மாறி மாறி வந்த கதை. 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் வேதியப் பண்ணையார் கிடையாது. ஆதனூர் நந்தன் அங்கே ஊர்த் தொழிலுக்காக விடப்பட்ட நிலத்தில் சாப்பிடுகிறவர். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறவர். ஆனால் தீ இருக்கிறது. தில்லை மதிலுக்கு வெளியே, தெற்கு வாசலில், அந்தணர்கள் வளர்த்த தீ. அதில் இறங்கிப் பூணூலோடு முனிவராக எழுந்தால்தான் உள்ளே போகலாம்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திர'த்தில் வேதியரைக் கொண்டுவந்தார். நந்தன் பண்ணையாள் ஆனார். தஞ்சைப் பண்ணையடிமையின் கொடுமை அப்படிக் கதைக்குள் வந்தது. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வேலியை ஒரே ராத்திரியில் சிவகணங்கள் அறுத்துப் போட்டுவிடுகின்றன. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். கூலி? நிலம்? அந்தப் பேச்சே இல்லை. பண்ணைப் பிரச்சினை அற்புதத்தில் முடிந்துபோகிறது.

சினிமா எடுத்துக்கொண்டது இந்தக் கதையைத்தான். 1935இல் 'பக்த நந்தனார்' வந்தது. கே.பி.சுந்தராம்பாள் நந்தன் வேடம் போட்டார், மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியர். அம்மாவுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் மரத்தையும் எருமையையும் மெச்சி, நடித்த மனிதர்களைக் கேலி செய்தது. சம்பளம், பாட்டு, நடிப்பு. மேல்சாதி ரசனை அந்த எல்லைக்குள் நின்றுகொண்டது.

எல்லையைத் தாண்டிப் பேசியவர்கள் கோலார் தங்கவயலில் இருந்தார்கள். வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போய், பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்த நம் ஜனங்கள். 1942 படம் அங்கே போனபோது தலித்துகள் முடிவை எதிர்த்தார்கள். நந்தன் எரிந்துதான் சமமாகணுமா என்பதே அவர்கள் வாதம். எஸ்.எஸ்.வாசன் தீக்குளிப்புக் காட்சியை நீக்கி, பாட்டோடு படத்தை முடிக்க வேண்டியதாயிற்று என்று சினிமா வரலாறு சொல்கிறது.

இது திடீரென்று வந்த கோபம் இல்லை. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, 1926இல் ஜி.அப்பாதுரையார் 'தமிழ'னை அங்கிருந்தே மறுபடி நடத்தினார். பண்டிதரின் எழுத்தில் நந்தன் பண்ணையாள் அல்ல, வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன். இந்த எழுத்து புழங்கிய ஊரில் போய் 'எரிந்தால் மோட்சம்' என்று திரையில் காட்டினால் சும்மா இருப்பார்களா?

டிவி நாடகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஓடியது. பட்டாபிஷேகத்தோடு முடிக்கப் பார்த்தார்கள். பஞ்சாபிலும் வடக்கே வேறு ஊர்களிலும் வால்மீகி சமூகத் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டார்கள். எங்கள் குலமுதல்வர் வால்மீகி வருகிற உத்தர காண்டத்தை ஏன் விடுகிறாய் என்று கேட்டார்கள். குப்பை மலையாகக் குவிந்தது. அரசு இறங்கிவந்தது, தொடர் நீண்டது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சம்பூகன் தலை விழுவதும் அதே உத்தர காண்டத்தில்தான். தங்கவயல்காரர்கள் காட்சியை எடு என்றார்கள்; வால்மீகிகள் காட்சியைச் சேர் என்றார்கள். முதலாவது புராணத்தை மறுத்தது. இரண்டாவது புராணத்துக்குள் இடம் கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் பார்க்கிறவன் வாய்பொத்தி உட்கார்ந்திருக்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி கேட்டதற்காக. அந்தத் தீயிலிருந்து எவரும் முனிவராக எழுந்து வரவில்லை. வெண்மணிக்கு இருபத்தாறு வருசம் முன்னாலேயே, திரையில் எரிவதைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று தங்கவயல் சொல்லியிருக்கிறது. தமிழ்ச் சினிமா விமர்சன வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆயா இப்போது இல்லை. டூரிங் டாக்கீஸில் மண் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் உங்கள் சேரியில் இன்னும் சிலராவது இருப்பார்கள். எந்த இடத்தில் அழுதீர்கள், எந்த இடத்தில் எழுந்து போனீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். காலம் அதிகமில்லை.