ஹோவார்ட் குடும்பம்: அரியணைக்கு மிக அருகில்...

டியூடர் காலம் (1485-1603) என்றதும் எட்டாம் ஹென்றியும் அவருடைய ஆறு மனைவிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அந்த ஆறு பேரில் தலை வெட்டப்பட்ட இருவருமே ஒரே குடும்பத்து ரத்தம் என்பது தெரியுமா? நார்ஃபோக் டியூக் பட்டம் பெற்ற ஹோவார்ட் குடும்பம்தான் அது.

இவர்களின் டியூடர் கதை தோல்வியில்தான் ஆரம்பிக்கிறது. 1485-ல் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டுக்காகப் போரிட்ட முதல் டியூக் ஜான் ஹோவார்ட் கொல்லப்பட்டார். வென்றவர் ஹென்றி டியூடர். ஜானின் மகன் தாமஸ் லண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். பட்டமும் பறிபோனது. விடுதலையான பின் புதிய அரச வம்சத்துக்கே விசுவாசமாக உழைத்தார். 1513-ல் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்துப் படையை அவர் முறியடிக்க, அந்நாட்டு மன்னர் நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே மாண்டார். பரிசாக 1514-ல் டியூக் பட்டம் திரும்பக் கிடைத்தது.

அப்பா வாளால் சம்பாதித்ததை, மகன் உறவுகளால் பெருக்கப் பார்த்தார். மூன்றாம் டியூக்கான இவர் பெயரும் தாமஸ்தான். இவருடைய தங்கை மகள் ஆன் பொலின் 1533-ல் ராணியானார். மூன்றே வருடத்தில் மன்னருக்கு அவர் வேண்டாதவராகிவிட்டார். 1536-ல் ஆனை விசாரித்த சபைக்குத் தலைமை தாங்கி மரண தண்டனையை வாசித்தவர் யார் தெரியுமா? இதே தாய்மாமன்!

அதோடு நிற்கவில்லை. 1540-ல் தம்பி மகள் கேத்தரின் ஹோவார்ட் ராணியானார். 1542-ல் அவர் தலையும் உருண்டது. அப்போதும் டியூக் தன் வீட்டுப் பெண்களைப் பழித்து மன்னருக்குக் கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஆனால் வினை அவர் வாசலுக்கும் வந்தது. அவர் மகன் சர்ரே பிரபு ஹென்றி நல்ல கவிஞர். ஆங்கிலத்தில் சந்தமுள்ள, எதுகையில்லாத கவிதை நடைக்கு முன்னோடி. அரச குலத்துக்குரிய சின்னத்தைத் தன் குலச்சின்னத்தில் சேர்த்தார் என்பதற்காக 1547 ஜனவரி 19-ல் அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்தது அப்பாவின் முறை. ஆனால் ஜனவரி 28 அதிகாலையில் மன்னர் இறந்துபோனார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்! டியூக் ஆறு வருடம் சிறையில் கிடந்து, 1553-ல் முதலாம் மேரி ராணியானதும் வெளியே வந்து, மறு வருடம் இறந்தார்.

பேரன் பாடம் கற்றாரா? இல்லை. நான்காம் டியூக் (இவரும் தாமஸ்!) ஸ்காட்லாந்து ராணி மேரியை மணக்கத் திட்டமிட்டு, சதியில் சிக்கி, 1572-ல் முதலாம் எலிசபெத்தின் ஆணைப்படி உயிரிழந்தார். எலிசபெத் வேறு யாருமல்ல, ஆன் பொலினின் மகள்தான்.

இழந்த டியூக் பட்டம் 1660-ல் மீண்டும் கிடைத்தது. 2023-ல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் நார்ஃபோக் டியூக்கிடம்தான் இருந்தது. குடும்பம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு விலையாகப் போன இரண்டு பெண்களைக் காப்பாற்ற, அந்தக் குடும்பத்துத் தலைவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இவர்கள் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.