கெழுதகைமை

அகமதாபாத்துக்கு நான் வந்த புதிது, 1978ஆம் வருஷம். எனக்குச் சரக்கு கொடுத்துவந்த ஒரு சேட்டின் தகப்பனார் காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போன நான், தெரிந்த அரைகுறை இந்தியில் 'என் அனுதாபத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவைத்தேன். சேட் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. வடமொழியிலும் இந்தி, குஜராத்தியிலும் அனுதாபம் என்றால் தான் செய்த தவறுக்குத் தானே வருந்துவது. நாம்தான் அதைப் பிறர் துயரில் பங்கு கொள்வதற்கு வைத்துக்கொண்டோம். அவர்கள் அதற்குச் சொல்வது சகானுபூதி. பெரியவர் போனதற்கு நானே காரணம் என்பதுபோல் அல்லவா ஆகிவிட்டது!

அன்று முதல், மனிதருக்கு மனிதர் உள்ள நெருக்கத்தைக் குறிக்கும் சொற்களைக் கடை நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அவர் எங்கள் சமணர். எனக்கு அந்தப் பள்ளி கிடைக்கவில்லை; கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான்.

நட்பு என்பது 'நள்' என்ற அடியிலிருந்து வந்தது. நள்ளுதல் என்றால் சேர்தல். அதனால்தான் பகைவரை 'நள்ளார்' என்றார்கள். கேண்மை, 'கேள்' என்பதிலிருந்து வந்தது. கேளிர் என்றால் உறவினர் என்றும் பொருள், நண்பர் என்றும் பொருள். சொந்தக்காரனையும் சிநேகிதனையும் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கெழுதகைமை. திருக்குறளில் 'பழைமை' என்ற 81ஆம் அதிகாரமே இதற்காகத்தான். நெடுநாள் பழகியவன் நம்மைக் கேட்காமலேயே ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறான். அதை உரிமை என்று ஏற்றுக்கொள்வதே நட்பின் அடையாளம் என்கிறார் வள்ளுவர். கூட்டாளி நம் கல்லாவைத் திறந்து பணம் எடுத்துவிட்டு, சாயங்காலம் சொன்னால் போதும். அதுதான் கெழுதகைமை. (எல்லாக் கூட்டாளிக்கும் இது பொருந்தாது, வியாபாரிகளுக்குத் தெரியும்.)

பழகாமலே வரும் நட்பும் உண்டு. உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மக்கள் தனக்கு எதிராக எழுந்தபின் சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். 'நண்பர் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள்' என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. பிசிராந்தையார் வந்தார், கூடவே வடக்கிருந்தார். புறநானூற்றை உ.வே.சா. 1894இல் அச்சிட்ட பிறகு இது தமிழர் எல்லாருக்கும் தெரிந்த கதையாயிற்று. திருக்குறள் 785க்குப் பரிமேலழகர் காட்டும் உதாரணமும் இவர்கள்தான்.

எங்களவர்களில் சிலர் சோழனைச் சமணன் என்றே சொல்லிவிடுகிறார்கள். வடக்கிருத்தலும் எங்கள் சல்லேகனையும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பது உண்மைதான். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் பழைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் சல்லேகனைக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: வாழ ஆசை, சாக ஆசை, மித்திரானுராகம், பழைய சுகத்தை நினைத்தல், நிதானம். இங்கே நிதானம் என்றால் பொறுமை அல்ல, மறுமைப் பலனை வேண்டுவது. மித்திரானுராகம் என்பது நண்பர்மேல் வைக்கும் பற்று. நண்பனுக்கு இடம் ஒதுக்கிக் காத்திருந்த சோழன் இந்தக் கணக்கில் தவறினவன். புறநானூறோ அதற்காகவே அவனைக் கொண்டாடுகிறது. இரண்டும் வேறு வழி.

இந்தச் சூத்திரத்தை நான் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அதனால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன்.

1986இல், வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில், அப்பா சல்லேகனை எடுத்தார். வயது 70, வயிற்றில் புற்று. அவருடைய சிநேகிதர் ஒரு முஸ்லிம் பெரியவர், கோரைப்பாய் வியாபாரி. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எப்போதும் கொல்லைப்புறமாக வந்து, மோர்ப்பானையைத் தானே திறந்து குடித்துவிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள சாப்டுக்கோ நைனாரே" என்று அப்பாவைக் கேலி செய்வார். அப்பா தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த நாளில் அவர் வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

"மாமா, இப்ப உங்களைப் பார்த்தா அப்பாவுக்கு விரதம் குறைபட்டுடும்."

"சரி தம்பி. நான் இங்கயே இருக்கேன். அவருகிட்ட சொல்ல வேணாம்."

மூன்று நாள் திண்ணையில் இருந்தார். உள்ளே அப்பா ஒரே ஒரு முறை, "அவன் வந்தானா?" என்று கேட்டார். "மனசை அந்தப் பக்கம் விடாதீங்கப்பா" என்றேன். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

பல வருஷம் கழித்து, இங்கே மணிநகரில் கடையில் உட்கார்ந்து, சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைப் பொருளோடு படித்தேன். சல்லேகனை ஏற்பவன் பற்றையும் பகையையும் விட வேண்டும் என்கிறது அந்த நூல். உடனேயே, உறவினரையும் ஏவலரையும் மன்னித்து, இனிய சொல்லால் அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. உறவினர் என்றால் கேளிர். அப்பா கேட்டது மன்னிப்புக் கேட்பதற்காகக்கூட இருந்திருக்கலாம். நான் பாதிதான் படித்திருந்தேன்.

காரியம் முடிந்து பதினாறாம் நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்வாசல் வழியாக வந்தார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுக்கும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.