வீராணம் தண்ணீரும் வெள்ளித் துகளும்

பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி நெடுங்காலம் வயலுக்கானதாகவே இருந்தது. 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்தபின், அந்த நீர் சேத்தியாத்தோப்பில் இறைக்கப்பட்டு, வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குழாயில் போகிறது. மணல் வடிகட்டியும் குளோரினும் கலங்கலையும் கிருமியையும் நீக்கும். நீரில் கரைந்த பூச்சிமருந்துக்கு அவை போதா.

அந்தக் குறைக்கு ஒரு விடை சென்னையிலேயே பிறந்தது. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர், வெள்ளி, தங்க நானோ துகள்களின் மேல் ஹாலோகார்பன்கள் (குளோரின் போன்றவை சேர்ந்த கார்பன் சேர்மங்கள்) சிதைவதை 2003-இல் வெளியிட்டனர். கார்பன் டெட்ராகுளோரைடு வெள்ளித் துகளைத் தொட்டால் குளோரின் வெள்ளியோடு சேர்ந்து உப்பாகிவிடும், கரி மிஞ்சும். எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளும் இத்துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. 2007-இல் இந்த முறை வீட்டு வடிகட்டியாகக் கடைக்கு வந்தது.

ஒட்டிக்கொள்வதே தீர்வாகிவிடாது என்பதும் அக்காலத்திலேயே தெரிந்தது. டைட்டானியம் டைஆக்சைடு நானோ துகள் கலந்த நீரில் கெண்டை மீனின் உடலில் காட்மியம் கூடுதலாகச் சேர்ந்ததை 2007-இல் சீன ஆய்வாளர்கள் கண்டனர். துகள் நஞ்சைச் சுமந்து உடலுக்குள் கொண்டுபோகிறது. அடுத்த ஆண்டு டென்மார்க் ஆய்வொன்றில், சி60 என்னும் கார்பன் பந்துத் திரள் நீர்த்தெள்ளுக்கு பினாந்திரீன் என்னும் வேதிப்பொருளின் நச்சைக் கூட்டியது. பென்டாகுளோரோபீனால் என்னும் வேறொன்றின் நச்சையோ குறைத்தது. ஆகவே நானோ துகள் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே தவறு. எந்தத் துகள், எந்த நஞ்சு, எந்த நீர் என்று சேர்த்தே பார்க்கவேண்டும். வடிகட்டியில் துகள்களை அலுமினா மணிகளில் பதித்து வைப்பதும் அவை நீரோடு போய்விடாமல் இருக்கத்தான்.