ஐம்பதாண்டுத் தண்டனை

முன்னணி ஆட்டக்காரன் பத்து முறை குறி தவறி, பதினோராம் முறை பந்தை வலைக்குள் செலுத்தினாலும் அவனை வீரன் என்று உலகம் தோளில் தூக்கிக் கொண்டாடும். கோல்காவலனுக்கோ இந்தச் சலுகை கிடையாது. நூறு பந்துகளைத் தடுத்தவனின் பெயர், தடுக்கத் தவறிய ஒரே பந்தோடு பிணைக்கப்பட்டுவிடுவதும் உண்டு. பிரேசில் நாட்டு மோவசிர் பர்போசாவின் வரலாறு அத்தகையது.

1921-இல் கம்பினாஸ் நகரில் பிறந்தவர் பர்போசா. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்து அப்போது 33 ஆண்டுகளே ஆகியிருந்தன. கால்பந்தாட்டமும் தொடக்கத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே இருந்தது. ரியோ நகரின் வாஸ்கோ ட காமா கழகம், கறுப்பர்களையும் தொழிலாளர்களையும் கொண்டு 1923-இல் வாகை சூடியது. அவர்களுள் 12 பேரை நீக்கினால்தான் புதிய சங்கத்தில் இடம் உண்டு என்று மறு ஆண்டு பெரிய கழகங்கள் நிபந்தனை விதித்தன. வாஸ்கோ அதற்கு இணங்க மறுத்தது. கறுப்பரான பர்போசா புகழ் பெற்றது இந்தக் கழகத்தில்தான். கையுறை அணியாமல் கோல் காத்த அவர், ஆறு முறை ரியோ வாகையர் பட்டத்தையும், 1948-இல் தென்னமெரிக்கக் கழகங்களின் பட்டத்தையும் வென்ற அணிகளில் ஆடினார். 1949-இல் தென்னமெரிக்க வாகை சூடிய தேசிய அணியின் கோல்காவலரும் அவரே.

1950 சூலை 16. மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் திரண்டிருந்தனர். ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே உலகக் கோப்பை பிரேசிலுக்கு. முதல் கோலையும் பிரேசிலே அடித்தது. பின்னர் உருகுவேயின் கிஜியா வலப்புறம் விரைந்து வந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, ஷியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79-ஆம் நிமிடத்தில் கிஜியா அதே வழியில் மீண்டும் வந்தார். முன்பு நடந்ததே நடக்கும் என எதிர்பார்த்துப் பர்போசா ஓரடி நகர்ந்தார். அந்த இடைவெளியில் கிஜியா நேராக அடித்தார். உருகுவே 2, பிரேசில் 1. அரங்கம் மௌனத்தில் மூழ்கியது.

அண்மைக் கம்பத்தைக் காப்பது கோல்காவலனின் முதற்கடமை என்பது உண்மையே. ஆயினும் கிஜியாவை இருமுறை ஓடவிட்டது யார்? முதல் கோலுக்குப் பின் ஒன்றும் அடிக்காத முன்னணியினர் எங்கே? ஆடியவர் பதினொருவர், பழி சுமந்தவர்களோ பர்போசா, பிகோடே, ஜுவெனால் ஆகிய மூவர். மூவரும் கறுப்பர்கள். கறுப்பர் கோல் காக்கத் தகுந்தவரல்லர் என்ற வன்சொல்லும் அதன்பின் வேரூன்றியது.

அதற்குப் பின் தேசிய அணியில் பர்போசா ஆடியது ஒரே ஒரு முறை, 1953-இல். ஓய்வுக்குப் பின் வயிற்றுப்பாட்டுக்காகப் பணி செய்ததும் மரக்கானாவிலேயே! 1993-இல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமைக் காணச் சென்ற முதியவரை, அபசகுனம் என அஞ்சி உள்ளே விடவில்லை. பிரேசில் சட்டத்தில் அப்போது மிகுதியான தண்டனை முப்பது ஆண்டாக இருந்தது. தாமோ செய்யாத குற்றத்திற்கு ஐம்பதாண்டு அனுபவித்ததாக அவர் மனம் நொந்து கூறினார். 2000 ஏப்ரலில் மறைந்தார்.

2014-இல் சொந்த மண்ணில் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 எனத் தோற்றது. அந்தத் தோல்வியின் சுமையை ஒருவர் தலையில் ஏற்றிவிட இயலவில்லை. அது அணி முழுவதற்கும் பங்கிடப்பட்டது. 1950-லும் நீதி அவ்வாறே வழங்கப்பட்டிருக்க வேண்டும்.